ஒட்டினதா, மாறினதா

எங்கள் சலவைக் கடையில் இரண்டு கூடைகள் உண்டு, நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. யார் துணியைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: கறை ஒட்டினதா, மாறினதா? சேறு, மெழுகு, சூயிங்கம், பிள்ளைகள் கிறுக்கிய வண்ணம் எல்லாம் ஒட்டினவை. துணி துணியாகவே இருக்கிறது, அதன்மேல் வேறொன்று வந்து சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. எழுப்பி அனுப்பிவிடலாம். அவை நீலக் கூடைக்குப் போகும். இஸ்திரிப் பெட்டி சுட்டுக் கருகியது, துரு ஏறியது, பிளீச்சிங் பட்டு நிறம் செத்தது எல்லாம் மாறினவை. அங்கே துணியே பழைய துணி இல்லை, அல்லது கறை அதோடு சேர்ந்து வேறு ஏதோ ஆகிவிட்டது. அவை சிவப்புக் கூடைக்குப் போகும். சிவப்புக் கூடைத் துணியை நான் தொடமாட்டேன். மடித்து வைத்திருந்து, "இது வராதுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

"உங்க அக்கா கறையைக் கூண்டுல ஏத்தி விசாரிப்பா. தீர்ப்பு சொல்லிட்டா மேல்முறையீடே கிடையாது" என்பார் என் தங்கையிடம் என் வீட்டுக்காரர். கடையில் இஸ்திரி அவர் பொறுப்பு. பெட்டியின் சூட்டைவிட அவர் வாயின் சூடு குறைவுதான், ஆனால் ஒருபோதும் அணையாது.

நான் ஒன்றும் பிறக்கும்போதே இப்படிப் பிடிவாதக்காரியாகப் பிறக்கவில்லை. கடை தொடங்கிய புதிதில் ஓர் அம்மா துருப்பிடித்த பட்டுத் துப்பட்டா ஒன்றைக் கொண்டுவந்தார். என்னால் முடியாததா என்ற திமிரில் கடையில் விற்கும் கடுமையான அமிலத்தை அப்படியே ஊற்றினேன். துரு போனது. கூடவே துணியும் போனது, விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அந்த அம்மா திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். ஒன்றும் சொல்லாமல் மடித்து எடுத்துக்கொண்டு போனார். அன்று வாங்கியதுதான் சிவப்புக் கூடை.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைக்கு மேலே உள்ள அறையில்தான் இருக்கிறாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், ஆனால் தற்காலிகம். என் வீட்டுக்காரர் அவளுக்கு வைத்த பெயர் 'ரேடியோ'. காலையில் கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை ஒலிபரப்புதான். சோற்றில் உப்பு ஏன் கரைகிறது, சோப்பு ஏன் நுரைக்கிறது என்று நாம் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்வாள். காதைப் பொத்திக்கொண்டு "நிறுத்துடி" என்று நான் கத்தாத நாளில்லை.

போன வருடம் நிரந்தர வேலைக்காக அவளை ஒரு மாதிரிப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். பின்வரிசையில் தேர்வுக் குழு உட்கார்ந்திருந்தது. ஒரு பிள்ளை ஏதோ கேட்க, இவள் அப்படியே நின்றுவிட்டாள். வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. மணி அடிக்கும்வரை அப்படியே நின்றிருக்கிறாள். அன்றிலிருந்து ரேடியோ அணைந்துபோனது. வகுப்பு எடுத்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. "நிறுத்துடி" என்று சொல்ல எனக்கு வழியே இல்லாமல் போனது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தால் நல்லது என்று ஒரு காலத்தில் நினைத்தேனே, என் வாயில் அடிக்க வேண்டும்.

இந்த வருடம் தலைமை ஆசிரியை அவளுக்காகப் பேசி இன்னொரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். இதோடு சரி, இதில் தவறினால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரே வெள்ளைக் கோட்டையும் எடுத்துக் கொடுத்து, "நாளைக்கு இதைப் போட்டுட்டு வாம்மா, துவைச்சுக்கோ" என்று சொல்லி அனுப்பினார். கோட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். காலர் ஓரம் பழுப்பு, பையருகே சுண்ணக்கட்டித் தூள். எல்லாம் ஒட்டினவை. நீலக் கூடையில் போட்டேன்.

பாடத்தின் தலைப்பு இயற்பியல் மாற்றமும் வேதியியல் மாற்றமும். மாலையில் கடையில் கூட்டம் இல்லை. "எங்களுக்கு எடுத்துக் காட்டேன், நாங்கதான் பிள்ளைங்க" என்றேன். என் வீட்டுக்காரர் துணிமூட்டை மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து கைகட்டிக்கொண்டார்.

இஸ்திரி மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பினாள். ஒரு கிண்ணத்தில் பனிக்கட்டி, ஒரு மெழுகுவத்தி, ஒரு துண்டுக் காகிதம். பிறகு இலைகள்: பச்சை, பழுத்தது, காய்ந்தது, ஒரு தட்டில் இலை எரித்த சாம்பல். காய்ந்த இலைகள் இன்னும் ஈரமாக இருந்தன, சுருண்டு கிடந்தவற்றை நனைத்து நிமிர்த்தியிருக்கிறாள் என்று தெரிந்தது.

"திரும்பப் பழைய நிலைக்கு வந்தா இயற்பியல் மாற்றம். வராட்டி வேதியியல் மாற்றம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பனிக்கட்டி உருகித் திரும்ப உறைவதைச் சொன்னாள். மெழுகு உருகி இறுகுவதைச் சொன்னாள். பிறகு பச்சை இலையை எடுத்து நடுவே கிழித்தாள். "இதுவும் இயற்பியல் மாற்றம்தான்."

"டீச்சர், ஒரு சந்தேகம்" என்று நான் கையைத் தூக்கினேன்.

"சொல்லு."

"கிழிச்ச இலை திரும்ப ஒட்டுமா?"

"ஒட்டாது."

"அப்போ பழைய நிலைக்கு வராது. அப்போ வேதியியல் மாற்றம்தானே?"

சத்தியமாகச் சும்மாதான் கேட்டேன். அவள் வாயைத் திறந்தாள். கிழிந்த இலையின் இரண்டு துண்டுகளும் இரண்டு கையில் இருந்தன. ஒரு சொல்கூட வரவில்லை. போன வருடம் வகுப்பில் என்ன நடந்திருக்கும் என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. பயம் வந்துவிட்டால் மனப்பாடம் செய்த வரியை விட்டு ஒரு அடி நகரமாட்டாள், அவ்வளவுதான்.

"நீ எதுக்குக்கா இதைக் கேட்ட?" என்றாள் கடைசியில்.

"நாளைக்குப் பிள்ளைங்க கேட்க மாட்டாங்களா?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"நாளைக்குப் புத்தகமா வந்து நிக்கப்போகுது? நீதானே நிக்கணும்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பேசி முடித்த பிறகுதான் பேசியது தெரியும். அவள் முகம் சுண்டிப்போய் மாடிக்குப் போய்விட்டாள்.

"நல்லா ஊக்கம் கொடுத்த" என்றார் என் வீட்டுக்காரர், துணிமூட்டையிலிருந்து இறங்கியபடி.

மன்னிப்புக் கேட்பது எனக்குக் கைவராத வேலை. துவைப்பது கைவந்த வேலை. அந்தக் கோட்டைப் பளிச்சென்று ஆக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் பேசாமலேயே சமாதானம் ஆகிவிடும் என்று நினைத்தேன். காலரைத் தேய்த்தேன், அலசினேன், பால்போல வந்துவிட்டது. வெள்ளைத் துணிக்குக் கடைசியில் நீலம் போட வேண்டும். "நீலம் கலந்துட்டீங்களா?" என்று உள்ளிருந்தே கத்தினேன். "அப்பவே கலந்தாச்சு" என்று பதில் வந்தது. பின்கட்டில் விளக்கு எரியவில்லை, பல்பு போய்விட்டிருந்தது. நீலத்து வாளி எப்போதும் இருக்கிற மூலையில் பழைய இரும்பு வாளி இருந்தது. உள்ளே தண்ணீர் கருநீலமாகத் தெரிந்தது. கோட்டை அப்படியே முக்கி, இரண்டு புரட்டுப் புரட்டி, பிழிந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன்.

நீலம் இல்லை. சாம்பல் கறுப்பு. மடிப்பு விழுந்த இடமெல்லாம் மை கொட்டிய மாதிரி திட்டுத் திட்டாக.

ஐயோ என்று கத்திவிட்டேன். என் சத்தம் கேட்டு இருவரும் ஓடி வந்தார்கள். என் வீட்டுக்காரர் நீலம் கலந்தது பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் தொட்டியில். அந்த இரும்பு வாளியில் இருந்தது தங்கை காலையிலிருந்து காய்ந்த இலைகளை ஊறவைத்த தண்ணீர். இலைகளை எடுத்துக்கொண்டவள் தண்ணீரைக் கொட்ட மறந்துவிட்டாள். இலையில் இறங்கிய சாறும் வாளியின் துருவும் சேர்ந்து நாள் முழுக்க மை காய்ச்சியிருக்கின்றன. நான் அதில் கொண்டுபோய் முக்கியிருக்கிறேன். ஊரில் வேறு யார் வீட்டிலும் இது நடக்காது. வாளித் தண்ணீர் கறுப்பாக இருந்தால் மற்றவர்கள் கொட்டிவிடுவார்கள், நீலம் போடும் சலவைக்காரிதான் வெள்ளைத் துணியை அதில் முக்குவாள்.

"அலசினா போயிடுமா?" என்றார் அவர். அலசினேன். தண்ணீர் தெளிவாக ஓடியது, கறை இருந்த இடத்தில் இருந்தது. சோப்புப் போட்டேன். அசையவில்லை.

"மாறினது" என்று என் வாயிலிருந்தே வந்தது. கோட்டைப் பிழிந்து சிவப்புக் கூடையில் போட்டேன்.

தங்கை அழுவாள், என்னைக் கடித்துக் குதறுவாள் என்று காத்திருந்தேன். அவள் கூடையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக மூச்சு விட்டாள்.

"விடுக்கா. நாளைக்கு நான் போகல. கோட்டு இல்லாம எப்படிப் போறது? பெரிய டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

அவள் முகத்தில் நிம்மதி இருந்தது. காய்ச்சல் வந்ததால் பரீட்சைக்குப் போக வேண்டாம் என்று தெரிந்துகொண்ட பிள்ளையின் நிம்மதி. கறையைப் பார்த்து வந்த பயத்தைவிட அதைப் பார்த்து வந்த பயம் பெரிது. நான் பாழாக்கியது கோட்டை மட்டும் இல்லை, அவள் ஒளிந்துகொள்ள ஓர் இடத்தையும் கட்டிக் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை போகாவிட்டால் இனி எதற்கும் போகமாட்டாள். என் தங்கையை எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட நேரத்தில் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் தேநீர். பால் இல்லாததால் கறுப்புத் தேநீர் போட்டு மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றினார். தன் குவளையில் மட்டும் பாதி எலுமிச்சையைப் பிழிந்தார். கரும்பழுப்பாக இருந்த தேநீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துத் தேன் நிறத்துக்கு வந்தது. தினமும் பார்ப்பதுதான். ஆனால் அன்றைக்கு அது என் கண்ணில் பட்டு நின்றது. தேநீரும் இலைச் சாறுதானே.

"அந்த மீதி எலுமிச்சையைக் கொடுங்க" என்றேன்.

"உனக்கும் புளிப்பு வேணுமா?"

"கொடுங்கன்னா கொடுங்க."

சிவப்புக் கூடையிலிருந்து கோட்டை எடுத்தேன். அந்தப் பட்டுத் துப்பட்டாவின் ஓட்டை கண்ணெதிரே வந்து நின்றது. இது பட்டு இல்லை, பருத்தி, இது அந்தக் கடுமையான அமிலம் இல்லை, எலுமிச்சை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் உள்பக்கம், மடித்துத் தைத்த ஓரத்தில், வெளியே தெரியாத இடத்தில் இரண்டு சொட்டு விட்டு, கொஞ்சம் உப்பு தூவி விட்டேன். மூவரும் குனிந்து பார்த்தோம். கறுப்பு சாம்பலாகி, சாம்பல் மங்கி, ஓரத்தில் லேசான மஞ்சளாகி நின்றது. அலசினேன். துணி துணியாகவே இருந்தது. இழுத்துப் பார்த்தேன், இழை அறவில்லை.

"கடைக்குப் போய் எலுமிச்சை வாங்கிட்டு வாங்க. இருக்கிறதை எல்லாம்."

அவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

பிறகு நான் பிழிய, அவர் பிழிய, தங்கை கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். ஒரு கட்டத்தில் தானாகவே வந்து உப்பை எடுத்துத் தூவ ஆரம்பித்தாள். முதுகுப்புறம் வெளுத்தது. கைகள் வெளுத்தன. அலசி, சோப்புப் போட்டு, மறுபடி அலசி, இந்தத் தடவை தொட்டியில் இருந்த நிஜமான நீலத்தில் முக்கினேன். பைக்குக் கீழே மட்டும் ஒரு சின்ன இலை அளவுக்கு மங்கலான தடம் பிடிவாதமாக நின்றது.

"அக்கா, உன் சிவப்புக் கூடைச் சட்டம் பொய்யாயிடுச்சே. மாறினது திரும்பி வந்துடுச்சு" என்றாள் தங்கை, என் வீட்டுக்காரரைப் போலவே குரலை வைத்து. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கேலி செய்து ஒரு வருடம் ஆகிறது.

"வந்துடுச்சுதான்" என்றேன்.

"இல்லையே." அவள் கோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "திரும்பி வரலைக்கா. இலைச் சாறும் துருவும் சேர்ந்து மூணாவதா ஒண்ணு ஆச்சு, அதான் கறுப்பு. இப்போ எலுமிச்சை அதைப் பிரிச்சு வேற ஒண்ணா ஆக்கிடுச்சு, அது தண்ணியில கரைஞ்சு போயிடுச்சு. பழைய இலைச் சாறு திரும்ப வரல, பழைய துரு திரும்ப வரல. ஆனா கோட்டு வெள்ளையாயிடுச்சு." இஸ்திரி மேசைமேல் கிடந்த கிழிந்த இலைத் துண்டுகளை எடுத்தாள். "இது திரும்ப ஒட்டவே ஒட்டாது. ஆனா இதுவும் இலை, இதுவும் இலை. புதுசா ஒண்ணும் உண்டாகல. திரும்பி வருதா இல்லையாங்கறது கேள்வியே இல்லைக்கா. வேற பொருளா ஆச்சா இல்லையா, அதான் கேள்வி. எனக்கு இது தெரியும். கல்லூரியிலேயே தெரியும்."

"தெரிஞ்சா நாளைக்கு அங்க போய்ச் சொல்லு."

அவள் பையின் கீழே இருந்த தடத்தை விரலால் தடவினாள். "இது இருக்கே" என்றாள்.

"இருக்கட்டும். யாராவது கேட்டா பாடத்துக்காகன்னு சொல்லு."

மறுநாள் காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாளே தவிர, வாசலில் நின்று நின்று போனாள். எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துத் திரைச்சீலைகள் எங்கள் கடைக்குத்தான் வரும். அடுத்த வாரம் கொடுக்க வேண்டியதை அன்றைக்கே கொடுத்தால் குடியா மூழ்கிவிடும் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். "திரைச்சீலைக்கு இவ்வளவு அவசரமா?" என்றார் அவர். காதில் விழாத மாதிரி நடந்தேன்.

வகுப்பறைக்கு வெளியே, ஜன்னலுக்கு எட்டாத இடத்தில் மூட்டையோடு நின்றேன். அவள் குரல் கேட்டது. சின்னக் குரல்தான், ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. பனிக்கட்டி, மெழுகு. பிறகு இலை கிழிகிற சத்தம் எனக்குக் கேட்டதாகவே தோன்றியது.

"டீச்சர்" என்றது ஒரு பிள்ளையின் குரல். "கிழிச்சது ஒட்டாதே. அப்போ அது எப்படி டீச்சர்?"

சத்தம் நின்றது. அந்தப் பிள்ளையின் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. நேற்று என் வாயையும் யாராவது பொத்தியிருக்க வேண்டும். உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தேர்வுக் குழுவாக இருக்கும். நான் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"இதே கேள்வியை நேத்து எங்க அக்கா கேட்டாங்க" என்றாள் என் தங்கை. "எனக்குப் பதில் வரல. நான் அப்படியே நின்னுட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் யாரோகூடச் சிரித்த மாதிரி இருந்தது.

"அப்புறம் எங்க அக்கா இந்தக் கோட்டைக் கொண்டுபோய் ஒரு வாளியில முக்கினாங்க. கிட்ட வாங்க. இந்தப் பைக்குக் கீழ பாருங்க, ஒரு தடம் தெரியுதா? இது என்னன்னு யார் சொல்றீங்க?"

பெஞ்சுகள் இழுபடும் சத்தம், காலடிச் சத்தம், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் சத்தம். அதற்கு மேலே அவள் குரல் ஏறியது. என்னை ஊரறிய ஒரு மடச்சியாக ஆக்கி, வாளி, துரு, எலுமிச்சை என்று கையையும் காலையும் வைத்துக் கதை சொன்னாள். மானம் கப்பலேறியது. எனக்கு அழுகை வந்தது. திரைச்சீலைகளை அலுவலக வாசலில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மதியம் அவள் கடைக்குள் நுழைந்தபோது கோட்டில் புதிதாக ஒரு ஊரே குடியேறியிருந்தது. மெழுகு, சாம்பல், இலைப் பச்சை, ஏதோ ஒரு பிள்ளை சிந்திய மை. அதைக் கழற்றி என் மேசைமேல் போட்டாள்.

"இதைத் துவைச்சுக் கொடு. திரும்பிக் கொடுக்க வேண்டாமாம், நீயே வச்சுக்கோன்னு சொல்லிட்டாங்க. நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்ட கடிதம் திங்கக்கிழமை தர்றாங்களாம். அந்தப் பிள்ளை கேட்டப்போ எனக்கு உள்ள எல்லாம் நின்னுபோச்சுக்கா, அப்புறம் உன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு, கறுப்புக் கோட்டைத் தூக்கிட்டு நீ முழிச்ச முழி, அதை நினைச்சதும் சிரிப்பு வந்துடுச்சு, சிரிச்சா வாய் திறக்குது பாரு, அப்புறம் பழுத்த இலை ஏன் மஞ்சளாகுதுன்னு ஒருத்தன் கேட்டான், அது வெறும் நிறம் மாறினது இல்லடா, பச்சையே சிதைஞ்சு போகுதுன்னு சொன்னேன், அதுக்கு இன்னொருத்தி..."

"மறுபடியும் ரேடியோ பாடுதா?" என்று இஸ்திரி மேசையிலிருந்து கேட்டார் என் வீட்டுக்காரர்.

கொஞ்சம் கவனித்துக் கேட்டேன். பழைய ரேடியோ யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமல் பாடும். இவள் பேசும்போது நடுநடுவே நின்று என் முகத்தைப் பார்த்தாள், புரிந்ததா என்று தெரிந்துகொண்டு மேலே போனாள். பழையபடி திரும்பி வந்தவள் இல்லை இவள். அது போனால் போகட்டும்.

சிவப்புக் கூடையை இழுத்து மேசைமேல் கவிழ்த்தேன். திருப்பிக் கொடுக்க மடித்து வைத்திருந்த துணிகள் கொட்டின. மேலே கிடந்த துருக்கறைச் சட்டையை எடுத்து, உள்பக்க ஓரத்தைப் புரட்டினேன். ஒரு எலுமிச்சையை நறுக்கினேன்.

தங்கை பேசிக்கொண்டே இருந்தாள். "நிறுத்துடி" என்று நான் சொல்லவே இல்லை.